சாகசப் பிரிவில் அமுதவல்லி

மனிதனுக்குக் கால்கள் எதற்காகப் படைக்கப்பட்டன என்ற ஆதிக் கேள்விக்கு விடை கண்ட பெருமை எங்கள் ‘தனிவழிப் பயணியர் சந்தை ஆய்வுக் குழு’வையே சாரும். நான் அதன் செயலாளர். தலைவர், திருமயம் பெரியகருப்பன். ஆலோசகர், சென்னையிலிருந்து வந்த கோபிநாத். அவர் வாயைத் திறந்தால் ஸ்லைடாக உதிரும்.

“தனியாப் போறவங்க எல்லாம் ஒண்ணு கெடையாதுங்க” என்றார் கோபிநாத். திருமயம் கோட்டையில் பீரங்கியோடு செல்ஃபி எடுப்பவர் ‘அனுபவப் பிரிவு’. குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, எந்த பட்டனை அமுக்கினால் பாடும் என்று கேட்பவர் ‘அறிவுப் பிரிவு’. கட்டுமாவடியில் மீன் வாங்காமல் படகை மட்டும் வெறித்துப் பார்ப்பவர் ‘ஆன்மத் தேடல் பிரிவு’. பிரிவுக்கொரு நிறத்தில் தொப்பியும் உண்டு.

‘சாகசப் பிரிவு’க்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. மூன்று வாரம் காரிலேயே தேடி, டீ குடித்தே ஓய்ந்துபோனோம். கடைசியில் குடுமியான்மலைச் சாலையோரம் நின்றிருந்தார் அமுதவல்லி. புதுக்கோட்டை மருந்துக் கடையில் வேலை. அவர் ஊருக்கு வந்துபோன காலை எட்டு மணி மினி பஸ் நின்று மூன்று மாதமாகிறது.

“இப்ப எப்படிம்மா போறீங்க?”

“பால் வண்டி வந்தா அதுல. இல்லன்னா மெயின் ரோடு வரைக்கும் நடைதான். நாலு கிலோமீட்டரு.”

“பயணத் திட்டம்?”

“என்னங்க திட்டம்? எது நிக்குதோ அதுல ஏறுவேன்.”

கோபிநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “முன்பதிவு இல்ல, வழிகாட்டி இல்ல. இதுக்கு வெளிநாட்டுக்காரன் லட்சக்கணக்குல செலவு பண்றான்.”

“அது கெடக்கட்டுங்க. இன்னும் ஒரு நாள் லேட்டானா வேலைக்கு வராதன்னு மொதலாளி சொல்லிட்டாரு. அந்த பஸ்ஸ திரும்ப விடச் சொல்லி ஒரு வார்த்தை எழுதுங்க, புண்ணியமாப் போகும்.”

அவர் கேட்டது மனுவாகி எங்கள் குழுக் கூட்டத்துக்கு வந்தது. இரண்டு மணி நேரம் கடும் விவாதம். இடையில் வடை.

“பஸ்ஸு வந்தா என்னாகும்?” என்றார் தலைவர்.

“ஏறி உக்காந்துருவாங்க. சாகசப் பிரிவே காலி” என்றார் கோபிநாத்.

இருந்த ஒரே ஆளையும் இழக்க மனம் வராமல் மனுவை ஒருமனதாக நிராகரித்தோம். அமுதவல்லிக்குச் சிவப்புத் தொப்பி வழங்கினோம். அறிக்கையின் அட்டையிலும் அவர் படம்தான்.

போன திங்கட்கிழமை காலை, அந்த அறிக்கையைச் சமர்ப்பிக்கக் காரில் புதுக்கோட்டைக்குப் புறப்பட்டோம். வழியில் அமுதவல்லி தொப்பியோடு நின்று கைகாட்டினார். அன்று பால் வண்டியும் வரவில்லை போலும். ஓடும் காரிலிருந்தே கோபிநாத் அவரைப் படமெடுத்துக்கொண்டார்.

அன்றே அவர் வேலை போயிற்று. செய்தி கேட்டுத் துடித்துப்போன நாங்கள், அவசரக் கூட்டம் போட்டு அவரை ‘நேரம் மிகுந்த பயணி’ பிரிவுக்கு மாற்றினோம். தொப்பி பச்சை.

காரில் இடமா இல்லை என்று சிலர் நாக்கில் நரம்பில்லாமல் கேட்கிறார்கள். பின்சீட் முழுக்கக் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் அறிக்கைக்காக முதல் நாளே நான் துண்டு போட்டு வைத்திருந்தேன்.