ஐஸ் வைத்த புங்கங்கன்று

அக்கறை மிஞ்சிய ஆளிடம் எதையும் நம்பி ஒப்படைக்கக் கூடாது. பழவேற்காட்டு மீன் வியாபாரியான நான் இதை என் கல்யாணத்தையே பணயம் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

தேவகியும் நானும் பொன்னேரி பஸ்ஸில் பழகியவர்கள். அவள் அப்பா எங்கள் உப்புநீர் ஏரியைத் தள்ளி ஒரு கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். "மீன் விக்கிற பையனுக்கு மண்ணப் பத்தி இன்னா தெரியும்?" என்று சம்மதம் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தேவகி போன் செய்தாள்.

"நைனா வரப்போரம் வைக்கப் புங்கை, நொச்சி தேடிக்கினுகீறாரு. நீ வாங்கியாந்து குடு, மனசு மாறும்."

அரசு நாற்றங்காலுக்கு ஓடினேன். கறுப்புப் பைகளில் நின்ற கன்றுகளை, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல, இலை இலையாகத் தூக்கிப் பார்த்துப் பொறுக்கினேன். (அடியில் எதைத் தேடினேன் என்று இன்றுவரை தெரியாது.) அங்கிருந்த அம்மா, "வெயிலு கொளுத்துது தம்பி, வாடாம எடுத்துக்கினு போ" என்றார்.

வாடாமல் கொண்டுபோவதா? எங்கள் குடும்பத் தொழிலே அதுதானே! கன்றுகளை மீன் பெட்டியில் படுக்க வைத்தேன். ஒரு அடுக்கு கன்று, ஒரு அடுக்கு நொறுக்கிய ஐஸ். குளிர் இன்னும் ஏறட்டும் என்று, தூர ஊருக்கு இறால் அனுப்பும்போது செய்வது போல, மேலே தாராளமாகக் கல்லுப்பு. பைக்கில் போகிற வழியெல்லாம் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர்கள் வீட்டு வாசலில் சொந்தபந்தம் கூடியிருந்தது. பெட்டியை மந்திரி தோரணையில் திறந்தேன். முதலில் இறால் வாடை வந்தது. அடுத்து தெருப் பூனை வந்தது. கன்றுகள் வெந்த கீரையாகத் துவண்டு கிடந்தன.

தேவகியின் அப்பா ஒரு புங்கங்கன்றைத் தூக்கி, அதன் பையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"இன்னாபா இது, உப்பு போட்டுகீற?"

"கெட்டுப்போவக் கூடாதுனுதான் மாமா..." (உரிமையே இல்லாத நேரத்தில் வாயில் 'மாமா'தான் வந்தது.)

"ஏரி உப்பு வயலுக்குள்ள வருதுனு நான் தெனம் அழுவுறேன். நீ பைக்ல ஏத்திக்கினு வரியா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணம் அவ்வளவுதான் என்று பெட்டியை மூடினேன். அப்போது தேவகி முன்னால் வந்தாள்.

"செடியவே இம்மாம் பத்திரமா கொண்டாந்துகீறாரு. என்னை எப்படி வெச்சிப்பாருனு யோசிச்சுப் பாரு நைனா."

"ஐஸ்லதான் வெச்சிப்பாரு" என்றவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்போடுதான் சம்மதமும் வந்தது. கன்று ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, நான் பிழைத்தேன். இப்போது எங்களுக்கு ஒரு மகள். வெயில் நாளில் அவளைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே கிளம்பினால் போதும், மாமனார் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்:

"தேவகி, புள்ளைய அவன் கையில குடுத்துட்டியா? உப்பு டப்பாவ எடுத்து ஒளிச்சு வை!"