அளவு என்னும் கட்டம்

நாடுகள் நாடுகளைப் படை திரட்டி வென்ற காலம் மலையேறிவிட்டது. இப்போது அட்டவணை போட்டு வெல்கிறார்கள். மர நாரைப் பசை சேர்த்து அழுத்திச் செய்யும் நார்ப்பலகையின் இறக்குமதியைக் குறைத்துக் காட்டி, பக்கத்து நாட்டை மண்ணைக் கவ்வ வைத்த பெருமை வணிகத் துறையின் 'ஒப்பீட்டுப் பிரிவு'க்கே சேரும். பிரிவு என்றால் ஓர் எழுத்தர், ஒரு கணினி, கால் ஆடும் ஒரு மேசை.

இரு நாடுகளின் பத்தாண்டு இறக்குமதிக் கணக்கை எழுத்தர் கோடுகளாக வரைந்தார். பக்கத்து நாட்டுக் கோடு மூன்று லட்சத்திலிருந்து நான்குக்கு ஏறியது. நம் கோடோ ஐந்து லட்சத்தைத் தாண்டிப் போய், சென்ற ஆண்டு தொபுக்கென்று நான்குக்கும் கீழே விழுந்தது. எழுத்தர் சுங்கப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். சுங்கத்தில் அதுவரை கன மீட்டரில் எழுதிவந்தவர்கள், சென்ற ஆண்டு முதல் டன்னில் எழுதுகிறார்கள். ஒரு கன மீட்டர் பலகை முக்கால் டன்தான் தேறும். எண்தான் குறைந்திருந்தது, வந்திறங்கிய பலகை குறையவில்லை.

இறக்குமதிக்கு வரி போடாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான் என்று உள்ளூர்ப் பலகை ஆலை மனுக் கொடுத்திருந்தது. அன்று மாலை அதைத் துறையின் வரிக் குழு முடிவு செய்யவிருந்தது. ஆலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் எழுத்தரின் மைத்துனனும் ஒருவன். எழுத்தர் எல்லாவற்றையும் டன்னுக்கு மாற்றி, புதிய படத்தோடு இயக்குநரிடம் ஓடினார்.

"என்னங்க, கோடு ஏறுது?"

"ஏறத்தான் சார் செய்யுது. பழசு கன மீட்டர், புதுசு டன். ரெண்டையும் சேத்து வரைஞ்சா விழுற மாதிரி தெரியும்."

"குறைஞ்சிருச்சுன்னு மந்திரி போன வாரம்தான் பேசினாரு. இப்ப நீங்க ஏத்தினா அவரு மூஞ்சிய எங்க வச்சிக்குவாரு?"

பழைய படமே போகட்டும், அலகையாவது குறிப்பிடலாமே என்று எழுத்தர் கெஞ்சினார். இயக்குநர் பேனாவை எடுத்தார். டன்னையும் அடித்தார், கன மீட்டரையும் அடித்தார். கட்டத்தின் தலையில் 'அளவு' என்று மட்டும் எழுதினார். உலக அறிஞர்கள் திணறும் சிக்கலை ஒரே சொல்லில் தீர்க்க எத்தனை பேரால் முடியும்?

"எந்த அளவுன்னு கேட்டா சார்?"

"கேக்க மாட்டாங்க. நீங்க அளவோட இருந்துக்குங்க."

எழுத்தரின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தது. அளவோடு இருந்தார். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

குழு பதினொரு நிமிடம் 'ஆழ்ந்து' ஆராய்ந்தது. யாரும் கேட்கவில்லை. குறைந்துவரும் இறக்குமதிக்கு வரி எதற்கு என்று மனுவைத் தள்ளி, கைதட்டிக் கலைந்தது. மூன்றாம் மாதம் ஆலைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

மைத்துனன் அறிக்கையின் நகலோடு வீட்டுக்கு வந்தான். "அத்தான், குறைஞ்சிருச்சுன்னு போட்டது நீங்களா?"

அது ஒரு 'அளவு' மட்டுமே என்று எழுத்தர் விளக்கினார். அக்கா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் அவன் எழுந்து போனான். எழுத்தருக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் உயர்வு ஆணை வந்துவிட்டது.

அடுத்த அறிக்கையில் 'வேலையிழப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. இம்முறை இயக்குநர் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தரே ஆள் கணக்கை விட்டுவிட்டு ஆலைக் கணக்குக்கு மாறி, 'ஒன்று' என்று அடித்தார்.

மைத்துனனையும் சேர்த்துத்தான்.