பின்சீட்டு விஷயமாக மச்சானுக்கு

அன்புள்ள மச்சான் ஜெரோமுக்கு,

கருங்குழியிலிருந்து உன் அத்தான் தேவசகாயம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா மேரியும் இடுப்புக்கு மேலே நல்ல சுகம். அங்கு கோயம்புத்தூரில் நீயும் ஜாக்குலினும் சகல பாகங்களிலும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். அதனால்தான் தபால். முழுக்கப் படி.

விஷயம் என் வண்டி. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அதைச் சுற்றிச் சுற்றி வந்து டேங்கைத் தடவிக்கொடுத்தாயே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி மேரியைப் பின்னால் உட்கார வைத்து வேளாங்கண்ணிக்கு வண்டியிலேயே போவேன் என்று நான் சொன்னதற்கு நீ சிரித்த சிரிப்பையும் மறக்கவில்லை. "அத்தான், நீங்க திண்டிவனம் தாண்ட மாட்டீங்க, அக்கா இடுப்பு தாங்காது" என்றாய். உன் அக்கா உடனே உன் பக்கம் சாய்ந்துவிட்டாள். "மொதல்ல மாமல்லபுரம் வரிக்கும் இட்டுகினு போ, பாக்கலாம். வழில நான் வலி தாங்காம எறங்க வேண்டி வந்துச்சின்னா வண்டிய எந்தம்பிகிட்ட குடுத்துரணும். அப்பால வேளாங்கண்ணிக்கு ரயிலுதான்" என்று பிரியாணி பரிமாறிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். நானும் சரி என்று ஒத்துக்கொண்டேன். மச்சான், ஒன்று சொல்லிவிடுகிறேன், வண்டி உனக்குக் கிடையாது. ஆசையை விட்டுவிடு.

மேரி ஒன்றும் வண்டிக்குப் புதியவள் இல்லை. கிராம நர்ஸாக இருந்த காலத்தில் அவளே கியர் வண்டி ஓட்டிக்கொண்டு போய் ஊர் ஊராகச் சொட்டு மருந்து போட்டவள். என் வண்டி உயரம், அவளுக்குக் கால் எட்டாது, அதனால்தான் பின்னால். வண்டியோடு வந்த சீட்டு அம்மிக்கல் மாதிரி இருப்பதை நானும் மறுக்கவில்லை. ஆகவே நல்ல சீட்டாக ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் மாடியில் குடியிருக்கிற ராகவன், ஐ.டி. ஆபீஸ்காரன், லடாக் வரை வண்டியில் போய் வந்தவன், "அங்கிள், காத்தடிக்கிற சீட்டுதான் பெஸ்ட்" என்றான். வாங்கினேன். எவ்வளவு காற்று அடிக்கவேண்டும் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, சைக்கிள் பம்பை எடுத்துக் கை ஓயும்வரை அடித்தேன். அதே ஜோரில் வேடந்தாங்கலுக்கு விட்டேன். ஏரிக்கு முன்னால் ஒரு வேகத்தடை. நான் கவனிக்கவில்லை. வண்டி ஏறி இறங்கிவிட்டது, மேரி ஏறினாள், இறங்கச் சற்று நேரமாயிற்று. வந்து விழுந்தவளுக்குப் பிடிக்கக் கிடைத்தது என் இரண்டு காது. நீளநீளமாகக் கேமராவை வைத்துக்கொண்டு கூழைக்கடாவைப் படமெடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். "பள்ளம் மேடு வந்தா வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? பின்னாடி குந்திகினு கீறவளுக்கு இன்னா தெரியும்?" என்று அவள் போட்ட சத்தத்தில் பறவையெல்லாம் கிளம்பிப் போய்விட்டது. சரி, காற்று வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

அடுத்தது ஜெல் சீட்டு. உட்கார்ந்து பார்த்தால் அல்வாவில் உட்கார்ந்த மாதிரி, அவ்வளவு பதம். வாங்கி மாட்டி, தவக்கால ஞாயிறு பூசைக்கு இருவரும் ஜம்மென்று போய் இறங்கினோம். மர நிழலெல்லாம் கார்க்காரர்கள் பிடித்துவிட்டார்கள், நான் வெயிலில் நிறுத்தினேன். கறுப்பு ரெக்சின், உள்ளே ஜெல், மேலே வெயில், பூசையோ அன்றைக்கு நீளம். முடிந்து வந்து மேரி ஏறி உட்கார்ந்தாள். "ஐயோ மாதாவே!" என்று அவள் அலறியதில் பங்குச் சாமியார் அங்கியோடு ஓடி வந்துவிட்டார். சீட்டைத் தொட்டுப் பார்த்தார், கையை உதறினார். "தவக்காலந்தான், அதுக்காக ஒடம்ப இவ்ளோ வருத்தி ஒறுத்தல் பண்ண வேணாம்மா" என்று ஆறுதல் சொன்னார். மேரி வீடு வரை நடந்தே வந்தாள். நான் பக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். பார்த்தவன் எல்லாம் பெட்ரோல் இல்லையா என்று கேட்டான்.

இதோடு விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா? தேவசகாயத்தை நீ இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. செங்கல்பட்டில் பன்னீர்செல்வம் என்று ஒருவர் வண்டிக்குச் சீட்டு கட்டுகிறார். "அண்ணாத்த, கடைல விக்கிற சீட்டு ஊருக்கே பொது. உங்க ரெண்டு பேரு அளவ எட்டாந்து குடு, ஃபோம் பஞ்ச அதும்படி சீவித் தர்றேன். அக்காவுக்கும் ஏற எறங்க தோதா ஒசரத்தையும் கொறச்சிர்றேன்" என்றார். அளவை எப்படி எடுப்பது? யோசித்தேன். ஈர மணல்! வண்டியைக் கடையில் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து மாமல்லபுரம் கடற்கரைக்கு மேரியைக் கூட்டிப்போனேன். வண்டியில் உட்காருகிற மாதிரியே ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரவேண்டும் என்றேன். அவள் எனக்கு முன்னால் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "இங்கயாச்சும் கடலப் பாக்குறேன். கல்யாணம் ஆனதுலருந்து உன் முதுகத்தான் பாத்துகினு கீறேன்" என்றாள். ஜனங்கள் கூடும் முன்னால் காரியம் முடியட்டும் என்று நானும் பின்னால் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் அச்சு அவ்வளவு துல்லியம். டேப் பிடித்து அளந்து, படம் வரைந்துகொண்டிருக்கும்போதே நாலு வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு கைடு வந்துவிட்டான், இது முடிக்காமல் விட்ட சிற்பம் என்று கைகாட்டிச் சொல்லிவிட்டான்! அவர்கள் பக்கத்தில் மண்டியிட்டுப் படமெடுத்துக்கொண்டார்கள். மேரி முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டாள்.

படத்தைப் பன்னீர்செல்வத்திடம் கொடுத்து, இம்மி பிசகாமல் இதே மாதிரி வேண்டும் என்றேன். சீட்டு வந்துவிட்டது. பார்க்க லட்சணமாக, தாழ்வாக, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. என் இடம் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி தோன்றுகிறது. புதுசு அல்லவா, பழகிவிடும். நாளைக் காலை பரீட்சை. பாலாறு தாண்டி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். உன் அக்கா ஒருதரம்கூட இறங்கமாட்டாள், எழுதி வைத்துக்கொள். நீ வேறு யாருடைய டேங்கையாவது தடவிக்கொள்.

உனக்கும் ஜாக்குலினுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்களும் ஆசீரும். மாதா உங்களை முதுகுவலி இல்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
வண்டிக்காரன்,
தேவசகாயம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. பாலாறுகூடத் தாண்டவில்லை, படாளம் போகும்போதே ஒருவர் வலி தாங்காமல் வண்டியை விட்டு இறங்கினார். அது நான். மணலில் மேரி முன்னால், நான் பின்னால் உட்கார்ந்ததை அப்படியே வரைந்து கொடுத்தேன் அல்லவா? பன்னீர்செல்வமும் அப்படியே செய்துவிட்டார். முன்சீட்டு மேரி அளவு, பின்சீட்டு என் அளவு. மேரி இடுப்பில் கைவைத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், முன்னால் ஏறினாள், இரண்டு காலும் தரையில் பதிந்தன. "குந்து" என்றாள். பின்சீட்டில் ஒரு குறையும் சொல்லமுடியாது மச்சான், எனக்கென்றே செய்தது. ஆனால் அங்கே உட்கார்ந்தால் அவள் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, எந்தப் பள்ளம் எப்போது வரும் என்று தெரியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு வருஷம் அவள் சீட்டைப் பற்றியா புலம்பினாள்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாமல்லபுரம் வந்து கடலைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை நானே பார்த்து வெகுகாலம் ஆகிறது. ஆக, இறங்கியது உன் அக்கா இல்லை என்பதால் வண்டி உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை, மேரியுடையது. வேளாங்கண்ணி பத்தாதாம், கன்னியாகுமரி வரை ஓட்டப்போகிறாளாம். வழியில் நான் இறக்கிவிடு என்று கேட்டால், இந்தத் தடவை என்னைத்தான் உன்னிடம் கொடுத்துவிடுவாளாம். எதற்கும் ஒரு ரூமைக் காலி செய்து வை.