இன்பசேகரனுக்கு மூன்றாம் ஓலை

"மோதிரம் போடும்போது உங்க கை நடுங்குச்சே மாப்பிள்ளை, அது எதுக்கு?"

ஞாயிறு பூசை முடிந்து, ஃபேரர் பார்க் வீட்டில் காப்பிக்கு உட்கார்ந்த ஆம்ப்ரோஸுக்கு வருங்கால மாமியார் அந்தோனியம்மாள் வைத்த முதல் பலகாரம் இந்தக் கேள்விதான்.

"அது நடிப்பு அத்தை."

"நடிப்புக்குக் கை நடுங்குமா?"

ஆம்ப்ரோஸ் துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. அதை ஊர் மறந்து பல காலமாகிவிட்டது. எழுபதுகளில் வாரந்தோறும் தொலைக்காட்சியில் வந்த துப்பறியும் இன்பசேகரன் அவர்தான். தொடர் நின்றும் மவுசு நிற்கவில்லை. கொலைகாரனைப் பிடித்தவருக்குக் காணாமல்போன குடையைப் பிடிப்பது பெரிய காரியமா என்று, ஆங் மோ கியோவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இன்னும் உண்டு. இப்போது, 1984-இல், பழைய ஆட்களையெல்லாம் கூட்டி ஒரு முழுநீளப் படம் எடுத்து நேற்று மாலை ஒளிபரப்பிவிட்டார்கள். அதில் இன்பசேகரன், இத்தனை வருடம் தனக்குக் கோப்பும் தேநீரும் கொண்டுவந்து கொடுத்த உதவியாளர் மாலினியின் விரலில் மோதிரம் போட்டுவிட்டான்.

அங்கேதான் வம்பு. ஆம்ப்ரோஸுக்கும் அந்தோனியம்மாளின் மகள் பிரிஜட்டுக்கும் இன்று காலைதான் கோயிலில் இரண்டாம் ஓலை வாசித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சாமியார் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். மூன்றாவது அடுத்த வாரம். படப்பிடிப்பு, படப்பிடிப்பு என்று ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணம் இது. இதுவும் நின்றுபோனால் ஆம்ப்ரோஸ் உடைந்தே போவார். பிரிஜட்டின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை.

"சரி, கை நடுங்கினதை விடுங்க. கண்ணுல தண்ணி வந்துச்சே?"

"தைலம் அத்தை. கண்ணுக்குக் கீழ லேசா தடவி விடுவாங்க."

அந்தோனியம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணைக் கேட்டு வந்தப்பவும் கண் கலங்கினீங்க. அன்னைக்கும் தைலமா?"

ஆம்ப்ரோஸ் உதவிக்குப் பிரிஜட்டைப் பார்த்தார். மருத்துவமனையில் தாதியாக இருந்த அவள் இயல்பிலேயே அதிகம் பேசாதவள். காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை ஆம்ப்ரோஸ் சாட்சி கொண்டுவந்தார். மாலினியாக நடித்த சரஸ்வதி தொடக்கப்பள்ளி ஆசிரியை. கூடவே அவர் கணவர் சேதுபதியும் வந்தார்.

"ஆன்ட்டி, எங்களுக்குள்ள ஒண்ணுமே இல்ல லா. அந்த சீன் முடிஞ்சதும் நான் நேரா மார்க்கெட்டுக்குப் போயிட்டேன், மீன் வாங்க" என்றார் சரஸ்வதி.

அந்தோனியம்மாளின் முகம் இளகியது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். சேதுபதி தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணும் இல்லதான். ஆனா அந்த மோதிர சீனை மட்டும் ஏழு தடவை எடுத்தாங்களாம்."

"ஏழு தடவையா! யார் சரியா பண்ணலை?"

"இவர்தான்" என்று ஆம்ப்ரோஸைக் காட்டினார் சேதுபதி.

"நல்லா வரணும்னுதான் அத்தை..." என்றார் ஆம்ப்ரோஸ். நல்லாத்தான் வந்தது என்றார் அந்தோனியம்மாள். பிரிஜட் அன்றும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை ஆம்ப்ரோஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. சிராங்கூன் சாலையில் நெய்னா முகம்மதுவின் தேநீர்க்கடைக்குப் போனார். அங்கே படத்தைப் பற்றிய விவாதம் ஆறாத டீயைப் போலச் சூடாக இருந்தது.

"துப்பறியிறவனுக்குக் கல்யாணம் எதுக்கு?" என்று கேட்டார் நெய்னா முகம்மது. "ராத்திரி எல்லாம் திருடனைத் தேடிட்டு வீட்டுக்கு வந்தா, முதல் விசாரணை அவனுக்குத்தானே நடக்கும்!"

"அந்தப் பொண்ணு எத்தனை வருஷமா காத்துக் கிடந்துச்சு! இவ்வளவு லேட்டா மோதிரம் போட்டதே தப்பு" என்றார் இன்னொருவர்.

ஆம்ப்ரோஸ் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்து நின்றார். "எல்லாரும் கேட்டுக்குங்க. அடுத்த படத்துல நான் மாலினியைக் கட்டிக்க மாட்டேன். கேன்சல்!"

அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். மறுநாள் காலைக்குள், இன்பசேகரன் மோதிரம் போட்ட பெண்ணைக் கைவிட்டுவிட்டான் என்று வட்டாரம் முழுக்கப் பேச்சு. அடுத்த படம் ஒன்று வரப்போகிறது என்பதும் சேர்ந்தே பிரிஜட்டின் காதுக்குப் போனது.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். சாமியார் பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று கேட்டு வாய் மூடவில்லை, மூன்றாவது வரிசையில் அற்புதமேரி என்ற அம்மாள் எழுந்துவிட்டார்.

"இருக்கு சாமி! மாலினி கதி என்ன?"

"உட்காரும்மா. மாலினின்னு ஒருத்தி உலகத்துலயே இல்லை."

"அவ காதுபடச் சொல்லாதீங்க சாமி, மனசு ஒடைஞ்சிடுவா!"

கோயில் இரண்டுபட்டது. சாமியார் கையைத் தட்டி அடக்கினார். "இது சினிமா. அதுலயும் அந்தக் கொலைகாரனை முதல் அரைமணி நேரத்துலயே பிடிச்சிருக்கலாம். அதை அப்புறம் பேசுவோம்."

ஆம்ப்ரோஸ் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். படத்தின் தயாரிப்பாளர் பாலகிருஷ்ணனைக் கையோடு கூட்டி வந்திருந்தார். அவர் தயங்கியபடி முன்னால் வந்தார்.

"சாமி, ஆம்ப்ரோஸ் மேல தப்பில்லை. காதலே வேண்டாம்னுதான் சொன்னார். ஒரு நேயர்தான் எங்களை விடலை. கதை எழுத ஆரம்பிச்சதுலேர்ந்து வாரா வாரம் போன். ஒரே ஆளு வாரா வாரம் பேசினா எங்க ஆபீசுல அதுக்குப் பேரு பொதுமக்கள் கருத்து."

"என்ன சொன்னாங்க?"

"'இன்பசேகரனுக்கு அந்த மாலினியைக் கட்டி வெச்சுக் கதையை ஒரேயடியா முடிச்சிடுங்க. இல்லேன்னா நீங்க அந்த மனுஷனைத் திரும்பத் திரும்ப ஷூட்டிங்குக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க'ன்னு. பேரு மட்டும் சொல்லவே மாட்டாங்க."

"எவ அவ?" என்று கொதித்தார் அந்தோனியம்மாள். "எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட வந்தவ!"

சாமியார் பெண்ணின் பக்கம் திரும்பினார். அந்த வாரம் முழுக்க ஊரே அபிப்பிராயம் சொல்லியிருந்தது. அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"நீ சொல்லும்மா. உனக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

பிரிஜட் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தெளிவாகச் சொன்னாள்.

"ஒரு ஆட்சேபணையும் இல்ல சாமி. கல்யாணத் தேதியைச் சொல்லிடுங்க."

ஆம்ப்ரோஸ் உருகிப்போனார். இத்தனை பேர் நடுவில் தன்னை நம்பியவள் இவள் ஒருத்திதான் என்று நெஞ்சு விம்ம நின்றவரின் முழங்கையைப் பாலகிருஷ்ணன் இறுகப் பிடித்தார்.

"ஆம்ப்ரோஸ், போன்ல பேசினது இந்தக் குரல்தான் லா!"