போர்ச்சுகீஸ் கண்டக்டர்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போர்ச்சுகீஸ் பேசி டிக்கெட் கொடுத்த கண்டக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். ஐம்பதுகளின் தொடக்கம் அது. தினமும் அந்த பஸ்ஸில் வேலைக்குப் போன பாவத்துக்கு நானும் கால் போர்ச்சுகீஸ்காரன் ஆனேன்.

பெங்களூரில் வேலை பார்த்த அவர் மகன் ஒரு கோவாப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் தாய்வீட்டில் பேச்செல்லாம் போர்ச்சுகீஸ். முதல் தடவையாக மாமனார் வீட்டுக்கு வரப்போகிறாள். பிடித்தால் ஓசூரிலேயே குடித்தனம், இல்லாவிட்டால் மகனும் கோவாவுக்குப் போய்விடுவான். மனைவி இல்லாத மனிதர், ஒரே பிள்ளை. கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஓசூரில் ரொட்டிக்கடை வைத்திருந்த கோவாக்காரரிடம் பாடம் ஆரம்பமானது. பழகிப் பார்க்கத்தான் நாங்கள் இருந்தோமே. ஏறியதும் "தெங் ஃபோம்?" என்பார்; பசிக்கிறதா என்று அர்த்தம். "எஸ்தா த்ரிஸ்த்?" என்றால் வருத்தமா என்று. குருபரப்பள்ளியில் ஏறிய புளி வியாபாரி ஒருவர் இதைக் கேட்டுப் பதறிப்போய், "ஏமய்யா, ஒன்ட்லோ பாகலேதா?" என்று தெலுங்கில் அவர் உடம்பை விசாரித்தார்.

ரொட்டிக்கடைக்காரர் 'போதும்' என்பதற்கும் வார்த்தை சொல்லிக்கொடுக்கப் பார்த்தார்.

"அது எதுக்குங்க? நம்ம வூட்டுல அத யாரு கேக்கப் போறாங்க?" என்று கண்டக்டர் எழுந்து வந்துவிட்டார்.

மருமகள் வந்தாள். களி, கீரைக் கடைசல், கோழிக் குழம்பு. ஒவ்வொரு உருண்டைக்கும் "கோமா மாய்ஷ்", இன்னும் சாப்பிடு என்றார். அவள் இலைக்குக் குறுக்கே கையை வைத்தாள்.

"அப்பா, போதும்ங்கறா," என்றான் மகன்.

"மொதல்ல எல்லாரும் அப்படித்தாண்டா சொல்லுவாங்க," என்று விரல் சந்தில் குழம்பை ஊற்றினார். பாவம், மரியாதைக்குச் சாப்பிட்ட பெண் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் மனிதர் "தெங் ஃபோம்?" கேட்காமலே டிக்கெட்டை நீட்டினார்.

"கெளம்பிட்டாங்களா?" என்றேன்.

"இல்ல சார். சுக்குத்தண்ணி வெச்சிக் குடுத்து, எஸ்தா த்ரிஸ்த்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டினா. அப்புறம் எம்மவன்கிட்ட என்னமோ சொன்னா. எனக்காக இந்த வயசுல ஒரு பாஷை படிச்ச மனுசன விட்டுட்டு எங்க போறதுன்னாளாம். இங்கயே இருக்கறாளாம் சார்."

டிக்கெட் கட்டை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சூளகிரி வரைக்கும் நான்தான் எல்லோருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன்.