பதினேழாம் பக்கத்தில் காணாமல் போன விண்மீன் மண்டலம்

பெருமதிப்பிற்குரிய வானியல் மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்று மரியாதைக்காக எழுதுகிறேன். நான் நலமாக இல்லை. காரணம், உங்கள் இதழின் பதினேழாம் பக்கம்.

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைத்து, அருகருகே இருக்கும் இரண்டு சுருள் விண்மீன் மண்டலங்களைப் படம் பிடித்தேன். ஐந்தைந்து நிமிடமாக நூற்று இருபது படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தது அது. யாராவது லிஃப்டில் ஏறினால் மாடி அதிரும், நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொள்ளும் என்பதால், ஆறு நாள் இருட்டியபின் படியிலேயே ஏறுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். ஐந்தாம் மாடி வக்கீல் மூட்டுவலியோடு ஏறினார், படிக்கு ஒரு வார்த்தையாக என்னைத் திட்டிக்கொண்டு. "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, படம் முடிந்ததும் எட்டிப் பார்த்தாள். "பெருசா இருக்கறது நீங்க. பக்கத்துல மங்கலா, சின்னதா இருக்கறது நான். சரிதானே?" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் என் தொலைநோக்கியைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது, ஐயா.

அந்தப் படம் அச்சான உங்கள் இதழ் வந்ததும் பன்னிரண்டு பிரதி வாங்கி, படியேறிய வீடுகளுக்கெல்லாம் அவளே கொடுத்தாள். பிரித்தால் பெரியது மட்டும் இருக்கிறது! பக்கத்தில் வெறும் கறுப்பு! மேலே 'இரட்டைச் சுருள்கள்' என்று தலைப்பு வேறு. வக்கீல் இறங்கி வந்து, "இன்னொண்ணு எங்கய்யா? இந்த ஒண்ணுக்காகவா என் முட்டிய வாங்கினே?" என்று கத்தினார். என் மனைவி கத்தவில்லை. "என்னைத் தூக்கிட்டாங்க பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உங்கள் வடிவமைப்பாளருக்கு இருப்பது கண்ணா, சட்டைப் பொத்தானா? பத்தாயிரம் கோடி நட்சத்திரம், ஐயா! ஆறு கோடி ஆண்டு பயணம் செய்து வந்த வெளிச்சம்! இவர் பாட்டுக்குத் தூசி தட்டுவதுபோல் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அடுத்த இதழில் முழுப் படமும் மன்னிப்பும் வராவிட்டால், உங்கள் அலுவலக வாசலில் வந்து உட்காருவேன். என் மனைவி இதைப் படித்துவிட்டாள். பொத்தான் அவள் சேர்த்தது.

வடிவமைப்பாளர் நீங்கலாக அனைவரும் நீடூழி வாழ்க என வாழ்த்தும்,
மொட்டை மாடிக்காரன்

பின்குறிப்பு: இதை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று மாப்பிள்ளையின் ஸ்டூடியோவுக்குப் போனேன். கல்யாணப் படம் எடுப்பவர். முதலில் உங்களுக்குப் படத்தை அனுப்பியதும் அவர்தான். கடிதத்தைக் கொடுப்பதற்குள், "மாமா, உங்க படத்துல பக்கத்துல ஏதோ கறை மாதிரி இருந்துச்சு. பொண்ணு முகத்துல பருவை எடுப்போம்ல, அதே மாதிரி எடுத்துட்டுதான் அனுப்பினேன். பளிச்சுனு வந்திருக்குல்ல?" என்றார். மாப்பிள்ளையாயிற்றே! "ரொம்பப் பளிச்சுனு இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தபால் நிலையத்துக்கு வந்துவிட்டேன். என் மனைவிக்கு அவர் என்றால் உயிர். இதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? முழுப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தவறு உங்களுடையதுதான் என்று ஒரே ஒரு வரி போட்டுவிடுங்கள், ஐயா. வடிவமைப்பாளர் தம்பியின் காலில் வேண்டுமானாலும் வந்து விழுகிறேன்.