அப்பாவின் இடுப்பும் என் இடது கால் ஷூவும்

திண்டிவனத்தில் வீட்டோட மாப்பிள்ளையாக வீற்றிருக்கும் மகா கனம் பொருந்திய பச்சைமுத்து மாமா அவர்களின் சமூகத்துக்கு, விழுப்புரத்திலிருந்து தங்கள் அக்கா மகன் அரிபிரசாத் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது. அத்தை நலமா? அத்தை புண்ணியத்தில் நீங்கள் நலமா?

முதற்கண் ஒரு முக்கிய அறிவிப்பு. செவ்வாய்க்கிழமை முதல் என் இடது கால் ஷூ சணலால் கட்டப்பட்டு வருகிறது. நிற்க. போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போடுவீர்கள், தெருவே கேட்கும். ஆகவே கடுதாசி.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு இடுப்பு மூட்டை எடுத்துட்டு உலோகப் பந்து வெச்சாங்க இல்ல, அந்தப் பந்து நமக்குப் பந்துவாவும், அதான் சொந்தக்காரனாவும் ஆயிடுச்சு. இப்போ ஒரு மாசமா தொடை இடுக்குல வீக்கம், அவரு ஓட்டற ஷேர் ஆட்டோவுல ஏறி உக்கார முடியல. "உலோகம் உரசி, சுத்தி இருக்கற சதை கோவிச்சுக்கிச்சோ என்னமோ, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாப்போம். சதை கெட்டிருந்தா மறுபடி ஆபரேஷன்"னாரு டாக்டரு. மறுபடின்னா ஆட்டோவ வித்துட வேண்டியதுதான்னு அப்பா அன்னையிலேர்ந்து சரியா சாப்பிடல. நீங்க வேற, "அந்த ஸ்கேன் மெஷினே காந்தம் மாமா, இடுப்பப் புடுங்கிக்கினு போயிடும்"னு அவருக்குப் போன்ல தைரியம் சொன்னீங்க.

செவ்வாய்க்கெழமை ஸ்கேன். ஸ்கூல்லேர்ந்து யூனிபார்மோட அங்க ஓடினேன். ஸ்கேன் எடுக்கற பானுப்ரியா அக்கா ஆபரேஷன் அப்போ குடுத்த பந்தோட அட்டையப் பாத்துட்டு, "உள்ள இருக்கற உலோகத்தால பயம் இல்லீங்க. வெளிய இருக்கற வெள்ளி அரைஞாணக் கழட்டுங்க"ன்னாங்க. அப்பா எழுந்துட்டாரு. "ஏம்மா, ஆம்பளைக்கு அரைஞாண் கழட்றது பொணமானாத்தான். நான் வர்றேன்." அம்மா, "இன்னாய்யா பேஜாரு பண்ணிக்கினு"ன்னு கண்ணக் கசக்குது. அப்பத்தான் மாமா நான் முன்னால வந்தேன். "ப்பா, வெறும் இடுப்பாத்தான இருக்கக்கூடாது? என் கறுப்புக் கயிறக் கட்டிக்கினு அப்புறம் வெள்ளியக் கழட்டு." மறைவுல போய் உருவிக்கினு வந்து என் கையாலயே கட்டினேன். பெத்தவருக்கு இடுப்புக் கயிறையே குடுத்த புள்ள தென்னாட்டுல நான் ஒருத்தன்தான்.

அந்தப் படத்த நீங்க பாக்கணும் மாமா. வெளையாட்டில்ல. உலோகம் அதுல தெரியறதே இல்ல, அது இருக்கற எடம் கன்னங்கரேல்னு ஒரு பள்ளம். அந்தக் கறுப்பு பக்கத்துச் சதையையும் முழுங்காம இருக்க மெஷின வேற விதமா வெச்சு எடுப்பாங்களாம். சுத்திலும் அப்பா! தோலுல புதுசா ஒரு கீறல் போடாமலே உள்ள தெரியுது, தேர் வடமாட்டம் சதை, ஓரத்துல வெள்ளையா கொஞ்சம் நீர். மாப்பிள்ளை மூஞ்சி தெரியாட்டியும், வீட்டுல இருக்கறவங்க மூஞ்சிய வெச்சே மாப்பிள்ளை எப்படின்னு அந்த மெஷின் சொல்லிடுது. உங்களச் சொல்லல. "நீர் கொஞ்சம் கோத்திருக்கு, சதை கெடல. இப்போ ஆபரேஷன் வேணாம், அடுத்த வருஷம் மறுபடி பாத்துக்கலாம்"னாரு டாக்டரு. அந்தப் படத்த இன்னொரு தரம் காட்டுங்கன்னு கேட்டேன் மாமா. பாத்துக்கினே நின்னேன்.

அத்தைக்கு என் வணக்கம். அத்தை அனுமதித்தால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
கயிறு கொடுத்த வள்ளல் அரிபிரசாத்

பி.கு.: படிச்சதும் கிழிச்சிடுங்க. ஜீன்ஸ் போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து என் இடுப்புல கயிறே கெடையாது. மறைவுல உருவினது ஷூ லேஸு. அப்பா அத அவுக்க மாட்டேன்றாரு. ஜங்ஷன்ல ஆட்டோ ஏறுறவங்ககிட்ட எல்லாம் சட்டையத் தூக்கி, "எம்புள்ள கயிறு காப்பாத்துச்சு"ன்னு காட்டிக்கினு இருக்காரு. ஞாயித்துக்கிழமை வரும்போது நல்ல அரைஞாண் கயிறா ரெண்டு வாங்கினு வாங்க. ஒண்ணு எனக்கு.